ஆணி தைத்த சக்கரமும் ரிவர்ஸ்டன் மலைப்பாதையும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் ஏ-9 பெருவீதியிலே, மலைநாட்டின் வடக்கு வாயிலாக அமைந்த நகரம் மாத்தளை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த தமிழகத்து மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, கால்நடையாகவே வந்து சேர்ந்த இடம் இது. அந்த நெடுநடையை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. மாசி மகத்திலே முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் பவனி வருவதும் இந்நகரிலேதான். தேர்ச் சக்கரத்துக்கு ஆணி தைத்தாலும் கவலையில்லை. காற்றடைத்த சக்கரத்தை நம்பிச் செல்லும் நமக்கோ, ஒரு சிற்றாணியே பயணத்தின் போக்கை மாற்றிவிடுகின்றது.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாகச் செல்லும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரின் மீது ஏறுகின்றது. 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மலைத்தொடர் இது. முதலில் மிளகும் கராம்பும் மணக்கும் வீட்டுத் தோட்டங்கள். பின்னர் தேயிலைச் சரிவுகள். அவற்றுக்கு மேலே பாசி படர்ந்த காடு. ரிவர்ஸ்டன் கணவாயில் வெயில் காயும்போதே மூடுபனி வந்து சூழும். காற்று ஆளைத் தள்ளும். அப்பால் பிட்டவல பத்தன என்னும் புல்வெளியும் இலுக்கும்புர ஊரும் விரிகின்றன. காட்சிக்கு இனிய பாதைதான். ஆயினும் ஒடுங்கிய பாதை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே சோதனையானது.

ஆதலின் மலையடிவாரத்து டயர் கடைகளுக்கு விடுமுறை நாட்களில் ஓய்வில்லை. சென்ற விடுமுறையில் அத்தகைய கடையொன்றில் காற்று நிரப்பிக்கொண்டிருந்தபோது, இரு வாகனங்கள் அடுத்தடுத்து வந்து நின்றன. முதலாவது ஒரு கார். டயரின் நடுப்பகுதியில் ஆணி தைத்திருந்தது. கடைக்காரர் டயரைக் கழற்றி, உட்புறம் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்து, உள்ளிருந்தே ஒட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். இரண்டாவது ஒரு வான். பிள்ளைகளும் பாட்டியுமாக ஒரு குடும்பம். வீதியோரத்துக் கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்திருந்தது. காற்றிறங்கிய நிலையிலேயே கடை வரை உருட்டியும் வந்திருந்தனர். டயரைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கரிய தூள் கொட்டியது.

“இதையும் ஒட்டிவிடுங்கள் தம்பி. மாலைக்குள் திரும்பிவிடுவோம்” என்றார் வான்காரர்.

“ஒட்டலாம் ஐயா. ஆனால் ஒட்டித் தரமாட்டேன். வண்டியிலே பிள்ளைகள் இருக்கின்றார்கள்; முன்னாலே ரிவர்ஸ்டன் இறக்கம் இருக்கின்றது.”

அது புதுடயர் விற்கும் கடையன்று. மறுத்ததனால் அவருக்குக் கூலியே நட்டம். மாற்றுச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு, அக்குடும்பம் புதுடயர் வாங்க மாத்தளைக்கே திரும்பியது. பிள்ளைகளின் முகம் வாடிற்று. “மலை எங்கே போய்விடும்?” என்றார் பாட்டி.

ஒன்றுக்கு ஒட்டும் மற்றொன்றுக்கு மறுப்பும் ஏன்? இக்காலத்துக் கார் டயரிலே, தரையைத் தொடும் பட்டையின் கீழ் உருக்குக் கம்பி வலைகள் உண்டு. அங்கே 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத துளை விழுந்தால், உள்ளிருந்து ஒட்டி அடைக்கலாம். பக்கச் சுவரில் அவ்வலை இல்லை. நூலிழைகளே சுமையைத் தாங்குகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் அச்சுவர் வளைந்து நிமிர்கின்றது. அதில் போட்ட ஒட்டு நிலைக்காது. காற்றின்றி ஓடிய டயரிலோ இழைகள் நசுங்கி, இறப்பர் தூளாகிவிடுகின்றது. வெளித்தோற்றத்தில் இது புலப்படாது. எனவேதான், வெளியிலிருந்து இறப்பர்த் திரியைச் செருகுவது அவசரத்துக்கு மட்டுமே உதவும். கழற்றி உட்புறத்தைப் பார்ப்பதே முறையான சோதனை.

இந்த இறப்பர் நம் மண்ணுக்கு நெருங்கிய உறவு. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகள் அங்கே நாற்றுகளாகி, அதே ஆண்டில் இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தன. 1888 இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தபின், அம்மரத்தின் மதிப்பு உயர்ந்தது. மாத்தளை மாவட்டத்திலும் இறப்பர்த் தோட்டங்கள் உண்டு. பால் வெட்டுவோர் பட்டையை மெல்லிய சீவலாகவே சீவுவர். சில ஆண்டுகளில் பட்டை மீண்டும் வளரும். கத்தி ஆழ்ந்து மரத்தைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடம் கரடுதட்டிப் போகும்; பின்னர் ஒழுங்காக வெட்ட இயலாது. டயருக்கும் மேற்காயம் வேறு, உட்காயம் வேறு.

செலவைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கிற்று. இடையே 2022 இன் நெருக்கடியில் ரூபாவின் மதிப்பும் சரிந்தது. ஒரு புதிய டயர், நடுத்தரக் குடும்பத்தின் மாத வரவில் பெரும் பங்கை விழுங்கிவிடும். உள்ளதைப் பேணி ஓட்டும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியது இதனாலேதான். நல்ல வழக்கமே அது. ஒட்டத் தக்க டயரை எறிந்துவிடுவதும் வீண் செலவுதான்.

ஆகவே மலையேற விரும்புவோர், வீட்டிலேயே நான்கு டயர்களையும் மாற்றுச் சக்கரத்தையும் பார்த்துக்கொள்வது நலம். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால், துளையில்லாவிடினும் மாற்றவேண்டும். பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்களையும் படியுங்கள். 2319 என்றிருந்தால், அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பிள்ளைகளையே படிக்கச் சொல்லலாம். கணக்கும் ஆயிற்று, காவலும் ஆயிற்று. கடைக்காரரிடம் “எவ்வளவு?” என்று கேட்குமுன் “காயம் எங்கே?” என்று கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தபின், பணத்தைப் பற்றிப் பேசலாம்.