வெறும் தோல் டாக்டர்

என் அண்ணன் மகளுக்கு முதுநிலை மருத்துவக் கலந்தாய்வில் தோல் நோய்ப் பிரிவு கிடைத்த அன்று, தலத்தெருவில் எங்கள் வீட்டுத் திண்ணையே ஒரு நீதிமன்றம்போல இருந்தது.

"வெறும் தோல் டாக்டரா?" என்றார் பெரியப்பா. அவருக்கு டாக்டர் என்றால் நெஞ்சைத் திறந்து பார்ப்பவர். "பொம்பளப் புள்ளைக்கு இதுதான் மாமா நல்லது. ராத்திரி டூட்டி கிடையாது, அவசரக் கேஸ் கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறமும் வீட்டோட ஒரு கிளினிக் வச்சுக்கலாம்" என்றார் அண்ணி. ஒருவர் இளப்பமாகவும் ஒருவர் நிம்மதியாகவும் சொன்னாலும் இருவர் சொன்னதும் ஒன்றுதான்: இது பெரிய படிப்பு இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. பெண்ணியம் பேசுகிற எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். பொது மருத்துவம் எடுத்திருக்கலாமே என்று நினைத்தேன்.

இப்போது அவள் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். விடுப்பில் வரும்போதெல்லாம் அவள் சொன்னவற்றிலிருந்து, அந்தப் படிப்பைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

முதலில், ராத்திரி டூட்டி உண்டு. சாதாரண மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பு முழுக்கத் தோல் உரிந்து வருகிறவர்கள் தீக்காயம் பட்டவர்களைப் போல வார்டில் கிடப்பார்கள். தோல் போனால் உடம்பின் நீர் போகும், சூடு போகும், கிருமி உள்ளே வரும், உயிரும் போகலாம். துணி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவர்களை வாழை இலையில் கிடத்துவதும் உண்டாம். "நம்ம கொல்லையில இருக்கிற அதே வாழை இலைதான் அத்தை" என்றாள். அதற்குப் பிறகு பந்தியில் இலை போடும்போதெல்லாம் எனக்கு அந்த வார்டு நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது, அந்தப் பட்டத்தின் முழுப்பெயர். தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் சேர்ந்த எம்.டி. அது. வீட்டில் யாரும் பின்னிரண்டைச் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சில் சொல்லக் கூடாத இரண்டு சொற்கள் அவை.

இந்தப் பயிற்சி ஒரு புதிய மருத்துவருக்கு என்ன தருகிறது என்று கேட்டேன். கண்ணும் விரல் நுனியும் என்றாள். பாடப்புத்தகப் படங்களில் நோயாளிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அவர்கள் தோலில் சிவப்பாகத் தெரிகிற அழற்சி நம் தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும். தோல் நிறங்களை வகைப்படுத்த உலகமே பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில்கூட, 1975இல் வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகள்தான் இருந்தன. பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்ந்தவை. ஆகவே, காலையில் 8 மணிக்குத் தொடங்கும் புறநோயாளிப் பிரிவில், ஒருவர் பின் ஒருவராக நம் ஊர்த் தோல்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழக வேண்டும். பிறகு கேட்க வேண்டும். எப்போது வந்தது? எங்கே தொடங்கியது? என்ன போட்டீர்கள்? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

எனக்குப் பசலை நினைவு வந்தது. பதினெட்டு ஆண்டுகளாகச் சங்க அகப்பாடல் நடத்துகிறேன். மாமை, சுணங்கு, பசலை என்று பெண்ணின் தோலுக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! தலைவியின் நெற்றியில், தோளில் நிறம் மாறுகிறது. தாய் பார்க்கிறாள், பதறுகிறாள், ஆனால் மகளிடம் ஒன்றும் கேட்பதில்லை. வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். காரணம் அறிந்தவள் தோழி. அவள்தான் அறத்தொடு நின்று உண்மையைச் சொல்கிறாள். இதை நான் அகத்துறை விளக்கமாகத்தான் நடத்தி வந்தேன். "அப்போ தோழிதான் அத்தை கேஸ் ஹிஸ்டரி எடுத்திருக்கா" என்றாள் அவள்.

அவள் என்னிடமும் எடுத்தாள்.

போன ஆனி மாதம், மாங்கனித் திருவிழாவுக்கு வந்திருந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூல்நூலாகத் தெரியும் ரத்தக் குழாய்கள், மெலிந்த தோல், தாடையோரம் பூனைமுடி. வெயிலில் போனால் எரியும். பரம்பரை என்று நான் சொல்லிக்கொள்வேன். "எத்தனை மாசம் போட்டீங்க அத்தை?" என்று கேட்டாள். 'போட்டீங்களா' என்று கேட்கவில்லை.

இருபத்து நான்கு வயதில் போட்டேன். முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து காபி குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். மூன்றாவது முறை அப்படி நடந்தபோது மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினேன். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் எரிந்தது, சிவந்தது, பரு வெடித்தது. திரும்பப் போட்டால் அடங்கியது. இப்படியே இரண்டு ஆண்டுகள். அது ஸ்டீராய்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு கட்டுப்படுத்தியது 2018இல்தான். பகலில் பசலையைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தவள், இரவில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் களிம்பைத் தடவினாள். இதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. எழுதிக்கொள்வதுபோல் தலையை ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலைத்தான் அவள் அங்கே கற்றிருக்கிறாள். பால்வினை நோய்ப் பிரிவில் முதல் சில வாரங்கள் அவளுக்கு வாயே வரவில்லையாம். அறைக்குள் மனைவி, கதவுக்கு வெளியே கணவன். மனைவிக்கு வந்த நோய் அவனிடமிருந்து வந்தது. ஆனால் நம் ஊரில் அந்த நோய்க்குப் பெயர் 'பொம்பளைச் சீக்கு'. ஆண் கொண்டுவருவதற்குப் பெண்ணின் பெயர். சட்டமும் அப்படித்தான் பார்த்தது. 1868இல் வந்த ஆங்கிலேயரின் தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயப்படுத்திப் பரிசோதித்தது. அவர்களிடம் போன சிப்பாய்களை விட்டுவிட்டது. 1888இல் அந்தச் சட்டம் நீங்கியது. அந்தப் பார்வை நீங்கவில்லை.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த நிர்மலா செல்லப்பன், தன் ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வழிகாட்டி சுனிதி சாலமன். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது 6 பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அதுதான் முதல் கண்டுபிடிப்பு. ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேடு ஒரு நாட்டின் மருத்துவக் கொள்கையை மாற்றியது. அதை நாம் கொண்டாடலாம். காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த அந்தப் பெண்களிடம் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று முழுதாகச் சொல்லப்படவில்லை என்பதையும் அதோடு சேர்த்தே நினைக்க வேண்டும். இன்று பயிற்சியில், கேட்பதற்கு முன் சொல்வதும், சொன்னதை வெளியே விடாமல் காப்பதும் பாடம். கணவனையும் உள்ளே அழைத்து, அவனுக்கும் மருந்து கொடுத்து அனுப்பக் கற்றுக்கொண்டேன் என்றாள்.

தொழுநோய்ப் பிரிவில் விரல் நுனிக்கு வேலை. பஞ்சால் தோலைத் தொட்டு, கண்ணை மூடியிருப்பவரிடம் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்க்க வேண்டும். "வருஷக்கணக்கா யாருமே தொடாத கையா இருக்கும் அத்தை. நான் தொட்டதுக்கே அழுதிருக்காங்க" என்றாள். கூட்டு மருந்தில் முற்றிலும் குணமாகிற நோய் அது. ஆனால் அதில் சேரும் குளோஃபாசிமின் தோலைக் கருக்க வைக்கும். மருந்து நிறுத்தினால் நாளடைவில் அந்தக் கருமை மறையும். அதுவரை பொறுக்க முடியாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டு. "கருத்துட்டா வீட்டுல என்னன்னு கேப்பாங்க" என்பது அவர்களுடைய பயம். அந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதியை நாடாளுமன்றம் நீக்கியதே 2019இல்தான்.

அன்றிரவு கோபத்தில் நான் ஒரு பிரசங்கம் செய்தேன். "நீ லேசர், சிவப்பழகு ஊசின்னு போயிடாதே. இந்த ஊர்க்காரி ஒருத்தி, கணவனுக்காகச் சுமந்த அழகே வேண்டாமென்று தசையை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கினாள், தெரியுமா?" என்று காரைக்கால் அம்மையாரை இழுத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அம்மையாருக்குச் சிவன் கொடுத்தார் அத்தை. எங்கிட்ட வர்றவங்க அதே தோலோட பஸ் ஏறி வீட்டுக்குப் போகணும். போன வாரம் ஒரு திருநங்கை முகத்து முடிக்கு லேசர் கேட்டு வந்தாங்க. தினம் ஷேவ் பண்ணித் தோல் புண்ணாயிருந்துச்சு. கன்னத்துல வெண்புள்ளி வந்த பொண்ணு ஒட்டுத்தோல் வைக்கணும்னு வந்தா. இதெல்லாம் அழகுக்குன்னு தள்ளிடுவீங்களா? சிவப்பாக்குன்னு கேட்டா மாட்டேன்னு சொல்லுவேன். வலியைக் குறைன்னு கேட்டா செய்வேன். எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத்தான் மூணு வருஷம்."

எனக்குப் பதில் இல்லை. உடலை உதறச் சொல்வது கவிதையில் எளிது. நானும் உதறவில்லை, களிம்பு தடவிக்கொண்டேன்.

அவள் கிளம்பியபின், அடுத்த வாரம் வகுப்பில் குறுந்தொகை. பசலை நடத்தும்போது வழக்கமான விளக்கத்தோடு நிறுத்தவில்லை. தாய் கேட்காத கேள்வியைத் தோழி கேட்டாள் என்றேன். இருபத்து நான்கு வயதில் எனக்கு அப்படியொரு தோழி இல்லை என்றும், என்ன தடவினேன் என்றும் சொன்னேன். நாற்பது பெண்கள் இருந்த வகுப்பில் சத்தமே இல்லை.

மணி அடித்தபின் ஒரு மாணவி வராந்தாவில் காத்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பையிலிருந்து நசுங்கிய ஒரு டியூபை எடுத்து நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்தேன்.

"எத்தனை மாசமா போடுறேம்மா?" என்று கேட்டேன்.