ஊட்டியில் நாம் பார்க்காதது

மே மாதம் ஊட்டிக்குப் போன பலரும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். மலைப்பாதையிலேயே வண்டிகள் நகராது, ஏரிக்கரையில் நிற்க இடமிருக்காது, அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயமானதே இந்த நெரிசலால்தான்.

என் வருத்தம் வேறு. இயற்கை என்று நாம் படமெடுத்துக்கொள்ளும் அந்த ஏரி, 1820களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டுவித்தது. தைலமரங்களோ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. நீலகிரியின் சொந்த முகம் சோலைக்காடும் புல்வெளியும்தான். இம்மலையின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த நிலம் அது. அதைப் பார்க்காமலே ஊட்டியில் ஒன்றுமில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

மழை ஓய்ந்தபின் ஒரு வாரநாளில் போங்கள். ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில் காட்டுக்குள் ஒரு சுற்று போய் வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் தயவுசெய்து மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.