ஒரு பந்து, மூன்று பிள்ளைகள்: நோர்வேயின் பெற்றோர்ப் பயிற்றுநர்கள்

நோர்வேயில் ஆறு வயதுப் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்றுநராக நிற்பவர் பெரும்பாலும் அந்த அணியில் உள்ள ஒரு பிள்ளையின் தாயோ தகப்பனோதான். சம்பளம் கிடையாது. பகல் முழுக்க மின்சார வேலையோ பல் வைத்தியமோ பார்த்துவிட்டு, மாலையில் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருவார். பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் போகும் காலத்தில் பக்கத்துக் கழகம் பெற்றோரைக் கூட்டி, யார் பொறுப்பெடுக்கிறீர்கள் என்று கேட்கும். சற்று நேரம் எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஒரு கை தயங்கித் தயங்கி உயரும். அந்தக் கைக்கு உரியவர் வாழ்நாளில் பந்து உதைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோர்வே உதைபந்தாட்டச் சங்கத்தின் சிறுவர் திட்டம் இந்த ஆளை மனதில் வைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது. அவருக்குத் தெரியாததில் பாதியை ஆட்ட விதிகளே பார்த்துக்கொள்கின்றன. மீதியைப் பாடநெறி சொல்லிக் கொடுக்கிறது.

விதிகளின் அடித்தளம் உதைபந்தாட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. நாட்டின் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவாக 1987இல் சிறுவர் விளையாட்டு விதிகள் ஏற்கப்பட்டன. 2007இல் அவற்றோடு பிள்ளைகளின் உரிமைகள் பற்றிய பகுதியும் சேர்ந்தது. பனிச்சறுக்கோ நீச்சலோ எதுவானாலும், பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டு வரை முடிவுப் பட்டியலோ புள்ளி அட்டவணையோ தரவரிசையோ கிடையாது. தேசிய, சர்வதேசச் சாம்பியன் போட்டிகள் 13 வயதாகும் ஆண்டிலிருந்துதான். சிறுவர் போட்டியில் பரிசு கொடுப்பதென்றால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாகவே தெரியும், ஆறுக்கு நாலு என்று வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். அட்டவணை இல்லாதபோது அந்த எண்ணை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்குச் செய்ய வேலை இல்லாமல் போகிறது என்பதே இந்த விதியின் பலன்.

அணியின் அளவும் வயதோடு வளர்கிறது. ஆறு, ஏழு வயதில் பக்கத்துக்கு மூன்று பேர். எட்டு, ஒன்பதில் ஐந்து பேர். பத்து, பதினொன்றில் ஏழு பேர். பன்னிரண்டு, பதின்மூன்றில் ஒன்பது பேர். பதினொருவர் ஆட்டம் அதன் பிறகே வருகிறது. மூவர் ஆட்டத்துக்குக் கோல்காப்பாளர் இல்லை. சிறிய ஆடுகளம், சிறிய கோல் கம்பங்கள், பந்து வெளியே ஓடாதபடி சுற்றிவரத் தாழ்ந்த பலகைத் தடுப்பு. பெரிய மைதானத்தில் ஏழு பேராக விடப்பட்ட சிறு பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது ஊரறிந்தது: எல்லோரும் பந்தைச் சுற்றி மொய்ப்பார்கள், பலசாலிகள் இருவர் அதைப் பறித்துக்கொண்டு ஓடுவார்கள், ஒரு பிள்ளை தூரத்தில் நின்று புல் பிடுங்கும். பக்கத்தில் நிற்கும் பயிற்றுநர் "பரவி நில்லுங்கோ" என்று தொண்டை கிழியக் கத்துவார். மூன்று பேராக்கினால் பந்து எல்லோருடைய காலுக்கும் வந்தே தீரும். ஒளிந்து நிற்க இடம் இல்லை, கத்தவும் தேவை இல்லை.

இதைவிட நுட்பமான விதி ஒன்று உண்டு. ஓர் அணி நான்கு கோல்களால் பின்தங்கிவிட்டால் கூடுதலாக ஓர் ஆட்டக்காரரை இறக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பெற்றோருக்கு முதலில் இது அவமானமாகவே படும். தோற்றவனுக்குப் பிச்சை போடுவதா என்பார்கள். ஆடுகளத்தில் நடப்பது வேறு. நான்கு கோல் முன்னால் இருக்கும் அணிக்கு அதுவரை நடந்தது ஓடிப்போய் அடிப்பது மட்டுமே. எதிரே ஓர் ஆள் கூடியதும்தான் பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வருகிறது. பயிற்றுநர் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் ஏறாத பாடம் அங்கே ஏறுகிறது.

இனிப் பாடநெறி. அடிமட்டப் பயிற்றுநர்களுக்கென்று சங்கம் நடத்தும் இந்த நெறி நான்கு பகுதிகளாக, மொத்தம் 32 மணித்தியாலங்கள் கொண்டது. சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் முதற் பகுதியோடு நின்றுவிடலாம். நான்கையும் முடித்துப் பரீட்சையும் எழுதுபவருக்கு சி தர லைசன்ஸ். அதற்கு மேல் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பி, ஏ, புரோ என்று ஏணி போகிறது. கொஞ்சம் வகுப்பறையில் நடந்தாலும் உண்மையான படிப்பு புல்லில்தான். வயிறு பெருத்த தகப்பன்மாரும் முழங்கால் நோகிற தாய்மாரும் பிள்ளைகளாக மாறி, மூன்று பேராகப் பிரிந்து விளையாட வேண்டும். செயற்கைப் புல்லின் கறுத்த ரப்பர்த் துகள்கள் சப்பாத்துக்குள்ளும் காலுறைக்குள்ளும் புகுந்து, இரவு குளியலறைத் தரை வரை வரும். பிள்ளை கொண்டுவரும் துகளுக்கு ஏசுகிறவர்கள் அன்றைக்குப் பேசாமல் கூட்டி அள்ளுவார்கள்.

பாடநெறியில் முதலில் உடைக்கப்படுவது வரிசை. அனுபவமில்லாத பயிற்றுநர் எவரும் தொடக்கத்தில் செய்வது இதைத்தான்: பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு கூம்புக்குப் பின்னால் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராகக் கோலுக்கு அடிக்கச் சொல்வது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். கணக்குப் போட்டால் வேறு கதை. ஓர் அடிக்குப் பதினைந்து வினாடி என்றால் ஒரு பிள்ளையின் முறை திரும்பி வர மூன்று நிமிடம் ஆகிறது. பத்து நிமிடப் பயிற்சியில் ஒரு பிள்ளை மூன்று தடவை, மிஞ்சினால் நான்கு தடவை பந்தைத் தொடும். மிச்ச நேரத்தில் முன்னால் நிற்பவனின் தொப்பியை இழுக்கும். பிறகு அந்தப் பிள்ளைக்குக் குழப்படிக்காரன் என்று பெயர் வரும். ஆளுக்கொரு பந்து கொடு, ஒரு கோலை நான்காக்கு, சோடி சோடியாகப் பிரி என்பதே இதற்கு மாற்று. குழப்படி என்று பெயரெடுத்ததில் பெரும்பகுதி காத்திருப்பின் விளைவு என்பது இப்படி மாற்றிப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

அடுத்தது பேச்சு. விளக்கம் அரை நிமிடத்தைத் தாண்டினால் ஆறு வயதுக்காரருக்குக் காது மூடிவிடும். செய்து காட்டிவிட்டு விட்டுவிட வேண்டும். ஆட்டத்தின்போது "அடி, கொடு, திரும்பு" என்று ஒவ்வொரு அசைவையும் வெளியிலிருந்து இயக்குகிறவரின் பிள்ளைகள், பந்து காலுக்கு வந்ததும் தலையைத் தூக்கிக் களத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக அவரைப் பார்ப்பார்கள். இடைவேளையில் ஒரு கேள்வி போதும்: "அந்த நேரம் உனக்கு வேறு யார் தெரிந்தார்கள்?" பதில் தவறாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியவரின் வாயை அடக்குவதற்குத்தான் இந்த 32 மணித்தியாலத்தில் அதிக உழைப்புப் போகிறது என்று தோன்றும். அது வீண் உழைப்பும் அல்ல.

யாரை எவ்வளவு நேரம் ஆடவிடுவது என்பதில் வழிகாட்டல் தெளிவானது. சிறுவர் அணியில் எல்லோருக்கும் ஏறத்தாழச் சமமான நேரம். கெட்டிக்காரரை நிரந்தரமாகத் தனி அணியாக்கக் கூடாது. பயிற்சியில் ஒரு பிள்ளை சில வேளை தன்னிலும் திறமான பிள்ளைகளோடும், சில வேளை தனக்குச் சமமானவர்களோடும், சில வேளை தன்னைவிடக் குறைந்தவர்களோடும் சேர்க்கப்பட வேண்டும். இதற்கு ஒரு காரணம் நாட்காட்டி. அணிகள் பிறந்த ஆண்டைக் கொண்டு பிரிக்கப்படுவதால் தைமாதப் பிள்ளைக்கும் மார்கழிப் பிள்ளைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். ஏழு வயதில் அது உயரத்திலேயே தெரியும். உயரத்தைத் திறமை என்று எண்ணுவது எளிது. தேசிய அணித் தலைவர் மார்ட்டின் ஓடகார்ட் 1998 டிசம்பர் 17இல் பிறந்தவர். 15 வயதிலேயே தேசிய அணிக்கு ஆடிய அவர் விதிவிலக்கு. மற்ற மார்கழிப் பிள்ளைகளுக்குப் பொறுமையுள்ள பயிற்றுநர் வேண்டும்.

பாதுகாப்பு விடயத்தில் சலுகை இல்லை. பிள்ளைகளோடு பொறுப்பில் நிற்கும் எவரும் பொலிஸ் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது 2009 முதல் விளையாட்டுக் கழகங்களில் நடைமுறை. ஆட்ட நாளில் மேலங்கி அணிந்த ஒரு பெற்றோர் பார்வையாளர் பக்கத்தைக் கவனிப்பார். தொடங்குமுன் இரு பயிற்றுநர்களும் நடுவரும் சேர்ந்து இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். முடிந்ததும் எல்லோரும் கைகொடுக்க வேண்டும். சின்னஞ்சிறிசுகளின் ஆட்டத்தை நடத்துவது பெரும்பாலும் கழகத்தின் பதின்ம வயதுப் பிள்ளைகளே. அவர்களைப் பார்த்துக் கத்தும் பெரியவரை மேலங்கிக்காரர் வந்து தோளில் தட்டுவார்.

ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பெற்றோருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: ஆட்டமும் தமிழ் வகுப்பும் ஒரே வார இறுதியில் வந்து முட்டும். வேறு ஈடுபாடு காரணமாக வராத பிள்ளையைப் பயிற்றுநர் தண்டிக்கக் கூடாது, எதில் எவ்வளவு ஈடுபடுவது என்று தீர்மானிப்பதில் பிள்ளைக்கும் பங்குண்டு என்பது முன்பு சொன்ன பிள்ளைகளின் உரிமைகளின் சாரம். இதைச் சொல்லிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. சொல்லாமல் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தச் சிறுவர் விளையாட்டு முறைக்குச் சாட்சியாக எப்போதும் இழுக்கப்படும் ஊர் பிரூனே. அங்கே ஆல்ஃப் இங்வே பெர்ன்ட்சன் என்ற பயிற்றுநர் சுமார் நாற்பது பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பிரிக்காமல் வளர்த்தார். அவர்களில் ஒருவர் தேசிய அணியின் முன்கள ஆட்டக்காரர் எர்லிங் ஹாலண்ட், சிலர் தொழில்முறை ஆட்டக்காரரானார்கள். கதை உண்மை, ஆனால் முழுக் கதை அல்ல. ஹாலண்டின் தகப்பன் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆடியவர். ஊரில் உள்ளரங்க மைதானம் ஒன்றும் இருந்தது. மழையும் இருட்டுமான குளிர்காலத்தில் பயிற்றுநர் இல்லாமலே பிள்ளைகள் அங்கே விளையாடித் திரிந்தார்கள். நோர்வே ஆண்கள் அணி 1998க்குப் பிறகு முதல் தடவையாக 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றபோதும் சிறுவர் விதிகளுக்குப் புகழ்மாலை விழுந்தது. இடைப்பட்ட வறட்சிக் காலம் முழுக்க அதே விதிகள்தான் நடைமுறையில் இருந்தன என்பதை யாரும் நினைவூட்டவில்லை. முடிந்தவரை பலர், முடிந்தவரை நீண்ட காலம் என்பது அதிகாரபூர்வ இலக்கு. அப்படியானால் பார்க்க வேண்டிய கணக்கு பன்னிரண்டு வயதில் இன்னும் எத்தனை பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்பதே.

ஓட்டைகளும் உண்டு. பிள்ளை விலகினால் பயிற்றுநரும் விலகுவார். அவர் கற்றது அவரோடு போய்விடும். இதனால் கழகங்கள் அனுபவசாலி ஒருவரைப் பயிற்றுநர்களின் வழிகாட்டியாக நியமிக்கத் தொடங்கியிருக்கின்றன. அவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில்லை. புதிய பெற்றோரின் பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்த்து, முடிந்தபின் பேசுவார். மறுபுறம், கழகத்தில் வேகம் போதாதென்று நினைக்கும் வசதியானவர்கள் காசு கட்டித் தனியார் பயிற்சி நிலையங்களுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அங்கே தெரிவும் தரம்பிரிப்பும் சத்தமில்லாமல் நடக்கின்றன. விதிகள் அந்த வாசலோடு நின்றுவிடுகின்றன. 13 வயதுக்குப் பிறகு தெரிவு எல்லோருக்கும் வந்துவிடும். பாடநெறியின் பிற்பகுதி அந்த வயதுக்கானது. பெற்றோரில் பலர் அந்தக் கட்டத்தில் பந்துப் பையை வேறு ஒருவரிடம் கொடுக்கிறார்கள். சிலர் பரீட்சை எழுதி, சொந்தப் பிள்ளை விளையாட்டை விட்ட பிறகும் மைதானத்திலேயே நிற்கிறார்கள்.