அட்டன் மலைகளில் நடந்த இருவர்

கொழும்பிலிருந்து அட்டனுக்குப் புகையிரதத்தில் போகிறவர்கள் தேயிலை மலையின் பச்சையைப் பார்த்து ரசிப்பார்கள். அந்தப் பச்சைக்கு நடுவே, ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நிற்கும் லயன் காம்பராக்களையும் பாருங்கள். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு கோ. நடேசையரும் அவரது மனைவி மீனாட்சி அம்மாளும் நினைவுக்கு வருவார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்தவரான நடேசையருக்குக் கடலைத் தாண்டுவதைவிடத் தோட்டத்து எல்லையைத் தாண்டுவதே கடினமாக இருந்தது. துரைமாரின் அனுமதியின்றி வெளியார் உள்ளே போக முடியாத காலம் அது. அவர் புடவை வியாபாரிபோல் வேடமிட்டு லயங்களுக்குள் சென்று, தொழிலாளர் படும் பாட்டை நேரில் கண்டார். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார்.

மீனாட்சி அம்மாள் வீட்டிலிருந்து காத்திருக்கவில்லை. கணவருடன் கூட்டங்களுக்குச் சென்று, தொழிலாளரின் துன்பத்தையும் உரிமையையும் பாட்டாகப் பாடினார். துண்டுப்பிரசுரத்தை வாசிக்கத் தெரியாத பெண்ணும் பாட்டைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அப்பாடல்கள் 1940இல் புத்தகமாகவும் வந்தன.

சகோதரிகளே, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் இம்மலைகளை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. பின்னர் யுத்தம் அவர்களை மீண்டும் இடம்பெயர வைத்தது. உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ அப்படி வந்தவராயின், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். வசதி கிடைக்கும்போது பிள்ளைகளுடன் ஒருமுறை அங்கே போய் வாருங்கள். அதுவும் நம்முடைய ஊர்தான்.