பழவேற்காடு: முறை வைத்துப் பகிரும் ஏரி

பயணம் புறப்படும்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. நம் குடும்பங்களிலோ, ஆண்கள் வணிகத்திற்காகவும் பெண்கள் திருமண வீட்டிற்காகவும் போய் வருவதே பயணம் என்றாகிவிட்டது. கணவனும் மனைவியுமாக ஓர் ஊரைக் காணவும், அவ்வூர் மக்களிடம் பாடம் கற்கவும் புறப்படுவோர் குறைவு. பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் முடிவைப் பாருங்கள் எனத் திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுவது ஆண்களை மட்டுமன்று.

இவ்வெண்ணத்துடன்தான், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மதரஸா விடுமுறையைப் பயன்படுத்தி நானும் என் துணைவியும் இருசக்கர வண்டியில் பழவேற்காட்டிற்குப் புறப்பட்டோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். செங்குன்றம், தச்சூர், பொன்னேரி என்று போகும் சாலை, திருப்பாலைவனத்தைத் தாண்டியதும் தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது. வயல்கள் குறைந்து பனைமரங்கள் மிகுகின்றன. காற்றில் உப்பும் கருவாட்டு வாசமும் கலந்து வருகின்றன. பிறகு, வானம் கீழே இறங்கிக் கிடப்பதுபோல் ஏரி தெரிகிறது.

தங்கியவர்களும் அள்ளிச் சென்றவர்களும்

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது, தென்கோடி தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. ஏவும் நாள்களில் சுற்றுவட்டாரக் கடலில் மீனவர்கள் இறங்க இயலாது.

இவ்வூரின் முஸ்லிம்கள், தம் முன்னோர் புதிய ஆட்சியாளர் ஒருவருக்குப் பணிய மறுத்து, அரபு நாட்டை விட்டுக் கப்பலேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வந்தவர்கள் இம்மண்ணிலேயே மணம் புரிந்து, இம்மொழியையே தம் மொழியாக்கிக்கொண்டனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இங்கும் வழங்கியது. இவ்வூர்ப் பள்ளிவாசல் ஒன்றில், நிழலைக் கொண்டு தொழுகை நேரத்தைக் காட்டும் சூரியக் கடிகாரம் இருக்கிறது. மின்சாரமும் சாவியும் வேண்டாத அக்கருவியின் முன் சிறிது நேரம் நின்றேன். லுஹர் நேரம் சாய்வதை நிழலே சொல்லிக்கொண்டிருந்தது.

அதே ஊருக்கு வேறொரு கூட்டத்தாரும் கடல் கடந்து வந்தனர். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினர். 1690-ல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. இக்கரையின் துணிகளைக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய், நறுமணப் பொருள்களாக மாற்றினர். இங்கே வெடிமருந்தும் செய்தனர். பஞ்சத்தில் வாடிய ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விற்கப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவிற்குக் கப்பலேற்றப்பட்டதும் இத்துறையிலிருந்துதான்.

அவர்களது கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லறைத் தோட்டம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கின்றனர். உள்ளே குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பொறித்த பெரிய கற்பலகைகள். "இவ்வளவு பெரிய கல் எதற்குங்க? படிக்கக்கூட ஆளில்லையே!" என்றார் என் துணைவி. நான் மறுமொழி சொல்லவில்லை.

சீட்டுப் போட்டுப் பிரித்த நீர்

ஏரிக்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்நீருக்கும் ஒரு சட்டம் உண்டு என்றார். அதன் பெயர் 'பாடு'. இறால் மிகுந்த இடங்களில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் நாள் முறை வைத்து வலை கட்டுகின்றன. ஓர் ஊரின் முறையில் மற்ற ஊரார் அங்கே வலை கட்டுவதில்லை. எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கின்றனர். வலியவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வதும், எளியவன் வெறும் வலையுடன் திரும்புவதும் இதனால் தவிர்க்கப்படுகின்றன. எழுதப்படாத இவ்வேற்பாடு தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது.

ஆனால் இம்முறையில் பங்கில்லாத மக்களும் இதே ஏரியை நம்பி வாழ்கின்றனர். இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப்பறியில் சேர்க்கும் இருளர்கள் அவர்களில் சிலர். எவருக்கு உரிமை, எவருக்கு இல்லை என்பதில் பூசல்கள் எழுந்ததும் உண்டு. நீதி என்பது ஒரு முறை சீட்டுப் போட்டு முடித்துவிடும் காரியமன்று. ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியது.

நான் ஜும்ஆவிற்குச் சென்றிருந்தபோது, என் துணைவி ஓலை முடையும் பெண்களின் திண்ணையில் அமர்ந்திருந்தார். பனங்குருத்தைக் காயவைத்து, கீறி, சாயமேற்றி, பெட்டியும் கூடையும் முடைவது இங்குள்ள முஸ்லிம் பெண்கள் பலருக்கு வாழ்வாதாரம். வீட்டை விட்டு வெளியேறாமலே பிள்ளைகளின் பள்ளிச் செலவைத் தாங்கும் தொழில். "முந்நூறு சொன்னா நூறுக்குக் கேக்கறாங்கக்கா. விரல் வெடிச்சு ரத்தம் வர்றது அவங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு பெண் கேட்டாராம். என் துணைவி இரண்டு பெட்டிகளைப் பேரம் பேசாமல் வாங்கி வந்திருந்தார்.

அடைபடும் வாய்

மாலையில் பாலத்தைக் கடந்து, கலங்கரை விளக்கம் நிற்கும் குப்பத்திற்குச் சென்றோம். தொலைவில், ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வரும் விருந்தாளிகள் அவை.

படகில் சிறிது தூரம் போய்வர என் துணைவிக்கு ஆசை. ஆனால் 2011 டிசம்பர் 25 அன்று, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு இங்கே கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் உல்லாசப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. குடும்பத்துடன் செல்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். எவர் அழைத்தாலும் ஏற வேண்டாம். கரையிலிருந்து காண்பதே போதும்.

முகத்துவாரத்தைப் பற்றிய கவலைதான் இங்குள்ள எல்லாக் குப்பங்களுக்கும் பொதுவானது. ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலந்தால்தான் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கும். மழை ஓய்ந்த பின்னர், அலைகள் கொண்டுவரும் மணல் அவ்வாயை மெல்ல மெல்ல அடைத்துவிடுகிறது. அடைந்தால் படகு கடலுக்குப் போகாது. கடல்நீர் உள்ளே வராது. வெயிலில் ஏரி சுருங்கி, மீன்வளம் குன்றும். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் கரை அரிப்பை மிகுத்து ஏரியையும் கெடுக்கும் என்று மீனவர்கள் அஞ்சி எதிர்த்து வருகின்றனர்.

கடலிலிருந்து பெற்று, ஆற்றிலிருந்து பெற்று, பெற்றதைத் திருப்பியும் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் இவ்வேரி உயிரோடு இருக்கிறது. வாய் அடைபட்ட ஆண்டில் அதற்கும் வறுமை, அதை நம்பியோருக்கும் வறுமை. அல்லாஹ் நமக்களித்த வாழ்வாதாரமும் இத்தகையதே.

வாசகச் சகோதர சகோதரிகளே! வாய்ப்புள்ளோர் தம் துணைவியருடன் ஒரு நாள் பழவேற்காட்டிற்குச் சென்று வாருங்கள். கல்லறைகளையும் பாருங்கள், பள்ளிவாசலின் நிழல் கடிகாரத்தையும் பாருங்கள். திரும்பும்போது ஓலைப்பெட்டி ஒன்றை, கேட்ட விலைக்கே வாங்கி வாருங்கள். அந்த ஏரியின் வாய் அடைபடாதிருக்கவும், அங்குள்ள எல்லாக் குப்பங்களிலும் அடுப்பு எரியவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.