இன்டர்நெட்டில் ஓர் உட்பிரிவு

உங்களுக்கு நிலம் இருக்கிறதோ இல்லையோ, 'உட்பிரிவு' என்கிற வார்த்தை தெரிந்திருக்கும். மேலூர்ப் பக்கம் ஒரு சர்வே நம்பரில் நாலு பங்காளிகள், கூட்டுப் பட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கில் நீங்கள்தான் உழுகிறீர்கள். ஆனாலும் பேங்க்கில் லோன் கேட்டால், "தனிப்பட்டா வாங்கிட்டு வாங்க" என்பார்கள். சர்வேயர் வந்து அளந்து, 45 என்பதை 45/1, 45/2 என்று பிரித்தால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.

இதே பங்காளிப் பிரச்னை இன்டர்நெட்டிலும் உண்டு.

கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சொந்தமாக மெயில் சர்வர் வைத்தார். ஓர் இணைய நிறுவனத்திடம் 8 ஐ.பி. முகவரிகளை வாடகைக்கு எடுத்தார். "அண்ணே, கொட்டேஷன் அனுப்புனா பாதி திரும்பி வருது, மீதி ஸ்பாம்ல போய் விழுது. பெரிய ஆர்டர் ஒண்ணு கைவிட்டுப் போச்சு" என்று புலம்பினார்.

காரணம், ரிவர்ஸ் டி.என்.எஸ். பெயரைச் சொன்னால் எண்ணைத் தருவது டி.என்.எஸ்.; எண்ணைச் சொன்னால் பெயரைத் தருவது ரிவர்ஸ். மெயிலை வாங்கும் சர்வர், 'இந்த எண் யாருடையது?' என்று விசாரிக்கும். பதில் வராவிட்டால் சந்தேகப்படும். ஜிமெயிலுக்கு மெயில் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் இதை விதியாகவே வைத்துவிட்டது.

பெயரின் பதிவேடு நண்பர் கையில். எண்ணின் பதிவேடோ இணைய நிறுவனத்திடம். கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, "ரிவர்ஸா? அப்படி ஒரு பிளான் இல்லையே சார்" என்றார்களாம்!

சிக்கல் புள்ளியில் இருக்கிறது. ஐ.பி. எண்ணில் புள்ளி விழும் இடத்தில்தான் பதிவேட்டைப் பிரிக்கலாம். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் 0 முதல் 255 வரை, மொத்தம் 256 எண்கள். 8 எண்காரரிடம் அந்தப் பதிவேட்டைக் கொடுத்தால் மற்ற 248-ம் அவர் வசமாகிவிடும். எட்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கலாம்தான். பராமரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

இதற்கு வழி சொன்னது, 1998 மார்ச்சில் ஐட்னெஸ், டி குரூட், பால் விக்ஸி மூவரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 2317. நிறுவனம் தன் பதிவேட்டில் அந்த 8 எண்களுக்கு எதிரே, 'விவரம் அந்தப் பதிவேட்டில் பார்க்க' என்று ஆளுக்கு ஒரு வரி எழுதிவைக்கும். சி-நேம் என்பது அதன் பெயர். பி.காம். படித்த எனக்கு, ஜர்னலில் லெட்ஜர் ஃபோலியோ நம்பர் போடுவது மாதிரி உடனே புரிந்துவிட்டது. 'அந்தப் பதிவேடு' வாடிக்கையாளர் கையில். எண்கள் 8-ல் தொடங்கி 15-ல் முடிந்தால், அதற்கு அந்த ஆவணம் காட்டும் முறையில் பெயர் என்ன தெரியுமா? 8/29. அசல் சர்வே நம்பரேதான்!

நண்பர் இந்த 2317-ஐக் குறிப்பிட்டு டெக்னிக்கல் பிரிவுக்கு எழுதினார். வேலை நடந்தது. இனி சர்வரின் பெயரை மாற்றினால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

நீங்களும் முகவரிகளை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, "ரிவர்ஸைப் பிரிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இது பட்டா இல்லை, குத்தகை. இணைப்பைத் துண்டித்தால் எண்ணும் போகும், உட்பிரிவும் போகும்.