நாய்க்கு வயிறு சரியில்லையா? மாத்திரை டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

1/
"டாக்டர், எங்க டாமிக்கு காலைலருந்து வாந்தி. நமக்குக் குடுக்கிற மாத்திரைல பாதி உடைச்சுக் குடுக்கலாமா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற பொது மருத்துவர், கால்நடை மருத்துவர் இல்லை. ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல, பக்கத்துல வெட் டாக்டர் கிடைக்காத ஊர்ல, தெரிஞ்ச டாக்டர் யாரோ அவருக்குத்தான் போன் வரும். அதனால எல்லாருக்கும் சேர்த்து ஒரு இழையா எழுதிடறேன்.

2/
முதல்ல பதில்: கூடாது. பாதி மட்டும் இல்ல, கால் மாத்திரையும் கூடாது.

லேசான வயித்துக் கோளாறுன்னா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானா சரியாகிடும். அந்த ரெண்டு நாள்ல என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது, எப்ப எல்லாத்தையும் விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இந்த மூணு விஷயம்தான் கீழே.

3/
எது "லேசானது"? நாய் வளர்ந்த நாயா இருக்கணும், தடுப்பூசி போட்டிருக்கணும். ஒண்ணு ரெண்டு தடவை வாந்தி, இல்லன்னா மூணு நாலு தடவை இளக்கமா மலம். ரத்தம் இல்லை. தண்ணி குடிக்குது, குடிச்சது வயித்துல தங்குது. கூப்பிட்டா எழுந்து வருது, வால் ஆட்டுது.

இது எல்லாமே சேர்ந்து இருந்தாதான் லேசானது. ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டு வைத்தியம் பேசற கட்டம் தாண்டியாச்சுன்னு அர்த்தம்.

4/
எங்க வீட்டுலயே நடந்ததைச் சொல்றேன். அப்பா கோவில்பட்டி பக்கம் தனியா இருக்கார். அம்மா போனதுக்கப்புறம் அவருக்குத் துணை ராஜாதான். ஆறு வயசு நாட்டு நாய். காலைல வாக்கிங், மதியம் தூக்கம், சாயங்காலம் டீக்கடை, எல்லாமே சேர்ந்துதான். நான் போன் பண்ணா என்னைப் பத்திக் கேட்கிறதுக்கு முன்னாடி ராஜாவைப் பத்திச் சொல்வார்.

போன வருஷம் பக்கத்து வீட்டுக் காதுகுத்து விசேஷம். மீந்த பிரியாணியை யாரோ பாசமா ராஜாவுக்கு வச்சிருக்காங்க. மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பா போன்.

5/
"டேய், ராஜா ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான்டா. வயிறும் இளகிப் போகுது. உடம்பு வேற நெருப்பாச் சுடுது. என்கிட்ட காய்ச்சல் மாத்திரை இருக்கு, பாதி குடுக்கவா?"

"அப்பா, எதுவும் குடுக்காதீங்க. டப்பாவை மூடி வைங்க."

"அப்ப சும்மாவா பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்ற?" குரல் உடைஞ்சிருச்சு அவருக்கு. அந்தக் கேள்விலதான் எல்லாமே இருக்கு. பிரச்சினை நாயோட வயித்துல மட்டும் இல்ல. "ஏதாச்சும் குடுத்தே ஆகணும்"னு துடிக்கிற நம்ம கையிலயும் இருக்கு.

6/
முதல்ல அந்த "சுடுது". நாயோட இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு 98.6ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆரோக்கியமான நாயைத் தொட்டாலே நம்ம கைக்குச் சூடாத்தான் தெரியும். அதை வச்சு காய்ச்சல்னு முடிவு கட்டக்கூடாது. மூக்கு காய்ஞ்சிருக்கு, ஈரமா இருக்குங்கறதை வச்சும் முடிவு பண்ண முடியாது.

7/
அடுத்து அந்தப் "பாதி". நாயை நாம ஒரு சின்னக் குழந்தையா நினைக்கிறோம். அளவைக் குறைச்சா சரியாயிடும்னு கணக்குப் போடறோம். ஆனா ஒரு மருந்தை உடைச்சு வெளியேத்துற வேலையை ஒவ்வொரு உயிரினத்தோட கல்லீரலும் ஒவ்வொரு மாதிரி செய்யுது.

பாராசிட்டமால் நாயோட கல்லீரலைக் கெடுக்கும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற திறனையும் குலைக்கும். பூனைக்கு இன்னும் மோசம், ஒரே மாத்திரை உயிரை எடுக்கலாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ரெண்டும் நாய்க்கு இரைப்பையில புண், ரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு வரை கொண்டு போகும்.

8/
ஒரு உயிருக்கு மருந்தா இருக்கிறது இன்னொரு உயிருக்கு விஷமா இருக்கலாம்ங்கறதுக்கு நம்ம நாட்டுலயே பெரிய சாட்சி இருக்கு. மாடுகளுக்கு வலிக்குக் குடுத்த டைக்ளோஃபெனாக், அந்த மாடுகள் செத்த பிறகு அவற்றைத் தின்ன பாறுக் கழுகுகளோட சிறுநீரகத்தைச் செயலிழக்க வச்சுது. இந்தியா முழுக்க அவை கூட்டம் கூட்டமா அழிஞ்சுது. 2006ல கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் குடுக்கிறதுக்கு அரசு தடை போட்டது. நம்ம மூட்டு வலிக்குச் சாதாரணமா முழுங்கற அதே மருந்துதான்!

9/
பேதியை நிறுத்த நாம போடற லோபராமைடும் வேண்டாம். விஷமோ கிருமியோ வெளியே போக வேண்டிய நேரத்துல குடலைக் கட்டிப் போட்டுடும். கோலி மாதிரியான சில இனங்கள்ல இருக்கிற மரபணு மாற்றத்தால இந்த மருந்து மூளைக்குள்ள போய்த் தாக்கும்.

மெட்ரோனிடசோல் வீட்டுக்கு வீடு இருக்கு. லேசான பேதிக்கு நாய்க்கு அது தேவையில்லை. அளவு கூடினா நாய் தள்ளாடும், நரம்புப் பாதிப்பு வரும். சுகர் ஃப்ரீ சிரப், சூயிங்கம் வகையறால சைலிட்டால்ங்கற இனிப்பு இருக்கலாம். அது நாய்க்கு ரத்தச் சர்க்கரையைத் தடாலடியா இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும்.

10/
சரி, அப்பாவுக்கு என்ன சொன்னேன்? கால்நடை மருத்துவரான என் நண்பரை லைன்ல சேர்த்தேன். அவர் வரிசையாக் கேட்டார். எத்தனை தடவை? ரத்தம் இருக்கா? வயிறு உப்பியிருக்கா? எலும்பு ஏதாவது முழுங்கினானா? ஈறு என்ன நிறம்?

ஈறு ரொம்ப நல்ல சோதனை. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈரமா, ரோஸ் நிறமா இருக்கணும். விரலால அழுத்தி விட்டா வெளுத்து, ரெண்டு விநாடிக்குள்ள பழைய நிறத்துக்கு வரணும். குழந்தைகளுக்கு நாங்க விரல் நகத்துல பார்க்கிற அதே சோதனைதான். ஈறு ஒட்டுற மாதிரி காய்ஞ்சிருந்தா உடம்புல நீர் குறைஞ்சிருக்கு. சில நாய்க்கு ஈறே கறுப்பா இருக்கும். அப்போ தோள்பட்டைக்கு நடுவுல தோலை இழுத்து விடுங்க. உடனே பழையபடி படியணும்.

11/
ராஜாவோட ஈறு நல்லா இருந்தது. நண்பர் சொன்னது: ஆறு மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணி மட்டும். அதுவும் கிண்ணம் நிறைய வச்சா மடமடன்னு குடிச்சுட்டுத் திரும்ப வாந்தி எடுக்கும். கொஞ்சமா, அரை மணிக்கு ஒரு தடவை. ஐஸ் கட்டி நக்கக் குடுக்கலாம்.

கவனிங்க. இந்தப் பட்டினி வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு, அதுவும் வாந்திக்கு மட்டும். குட்டி நாயையும் ரொம்பச் சின்ன இன நாயையும் பட்டினி போட்டா சர்க்கரை இறங்கிடும். வாந்தி இல்லாம பேதி மட்டும்னா பட்டினி தேவையில்லை. குடல் ஆறுறதுக்கும் உணவு வேணும்.

12/
வாந்தி நின்னதும் உணவு: குழைய வேகவச்ச சாதம் ரெண்டு பங்கு, தோலும் எலும்பும் இல்லாம வேகவச்ச கோழிக்கறி ஒரு பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, ரெண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். முதல்ல ரெண்டு மூணு ஸ்பூன். தங்கினா, கொஞ்சம் கொஞ்சமா நாளைக்கு நாலஞ்சு வேளை. வேகவச்ச பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் மசிச்சுச் சேர்த்தா மலம் கெட்டிப்படும்.

பால் வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலதுக்கும் பால்ல இருக்கிற லாக்டோஸ் செரிக்காது, பேதி கூடும். தினமும் தயிர் சாதம் சாப்பிட்டுப் பழகின நாய்க்குக் கொஞ்சம் தயிர் சரி. பழகாத நாய்க்கு இப்ப ஆரம்பிக்காதீங்க. ரெண்டு நாள் நல்லா இருந்தா, பழைய சாப்பாட்டை மூணு நாலு நாள்ல கலந்து கலந்து கொண்டு வாங்க.

13/
அப்பாவோட கைக்கு ஒரு வேலை வேணுமே! "குடுக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னா அவரால இருக்க முடியாது. அதனால எழுதச் சொன்னேன். தினக் காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்துல எழுதினார். "6.10 வாந்தி, மஞ்சள். 7.30 தண்ணி நாலு மடக்கு. 8.00 தண்ணி, வாந்தி இல்லை. 9.15 வெளிக்கி, இளகல், ரத்தம் இல்லை. 11.00 தூங்குறான்." மதியம் சாதம். சாயங்காலம் டீக்கடை வாசல் வரை நடந்தான். மூணாம் நாள் சரியாயிட்டான்.

அந்தத் தாளை நண்பருக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "என் ஸ்டூடண்ட்ஸ்கூட இவ்ளோ தெளிவா எழுத மாட்டாங்க"ன்னார். நிலைமை மோசமாகியிருந்தா, அந்த ஒரு தாள் டாக்டருக்கு எந்த மாத்திரையையும் விட அதிகம் உதவியிருக்கும்.

14/
இப்ப முக்கியமான பகுதி. கீழே உள்ளதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதீங்க:

• வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், அல்லது தார் மாதிரி கறுப்பு மலம்
• குடிச்ச தண்ணியும் தங்கலை, அல்லது 24 மணி நேரமாகியும் குறையலை
• ஈறு வெளுத்திருக்கு, நாய் எழுந்திருக்க மாட்டேங்குது
• வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கியும் எதுவும் வரலை. பெரிய இன நாய்கள்ல இரைப்பையே முறுக்கிக்கும். சில மணி நேரத்துல உயிர் போயிடும்
• எலும்பு, மாங்கொட்டை, சாக்ஸ் முழுங்கின சந்தேகம்
• எலி மருந்து, சாக்லேட், திராட்சை, நம்ம மாத்திரை எதையாவது தின்னுடுச்சு
• சினை நாய், வயசான நாய், சர்க்கரை அல்லது சிறுநீரக நோய் உள்ள நாய்

விஷம்னு சந்தேகம் வந்தா உப்புத் தண்ணியைக் கரைச்சு ஊத்தாதீங்க. அந்த உப்பே உயிருக்கு ஆபத்து. எதைத் தின்னுதோ அதோட அட்டையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.

15/
குட்டி நாய்க்கு, அதுவும் தடுப்பூசி முழுசா போடாத குட்டிக்கு வாந்தி பேதின்னா "லேசானது"ங்கற பேச்சே இல்லை. பார்வோ வைரஸா இருக்கலாம். 1978ல உலகத்துக்குத் தெரிய வந்த வைரஸ். ட்ரிப்ஸும் சிகிச்சையும் இல்லாத குட்டிகள் பெரும்பாலும் பிழைக்கிறதில்லை. காலைல விளையாடின குட்டி மறுநாள் இருக்காது. ஆறு முதல் எட்டு வாரத்துல தொடங்கி, பதினாறு வாரம் ஆகிற வரைக்கும் டாக்டர் சொல்ற இடைவெளியில தடுப்பூசி போட்டு முடிச்சிடுங்க.

16/
கடைசியா என் துறை சார்ந்த ரெண்டு விஷயம். நாயோட வாந்தி, மலத்தைச் சுத்தம் பண்ணும்போது கையுறை போடுங்க, சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. தவழற குழந்தை இருக்கிற வீட்டுல இன்னும் கவனம். சால்மொனெல்லா, ஜியார்டியா, கொக்கிப்புழு எல்லாம் நமக்கும் தொத்தும்.

ரெண்டாவது: எச்சில் ஒழுகுது, முழுங்க முடியலைன்னா "தொண்டைல எலும்பு மாட்டிக்கிச்சு"ன்னு வாய்க்குள்ள கையை விடாதீங்க. ரேபிஸும் அப்படித்தான் தெரியும். ஏற்கெனவே எச்சில் பட்டிருந்தா சோப்பும் ஓடுற தண்ணியும் வச்சு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

17/
சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லருந்து இருக்கு. அது தனிப் படிப்பு, தனி அனுபவம். நான் படிச்ச மருத்துவத்தைப் பாதியா உடைச்சா கால்நடை மருத்துவம் ஆகிடாது.

நாய் நல்லா இருக்கிற இன்னைக்கே பக்கத்துல இருக்கிற கால்நடை மருத்துவமனை எது, ராத்திரி எது திறந்திருக்கும்னு விசாரிச்சு, நம்பரை போன்ல ஏத்தி வைங்க. தனியா நாயோட இருக்கிற அப்பா, அம்மா போன்லயும் ஏத்திக் குடுங்க. நாய் வளர்க்கிற உங்க நண்பர்களுக்கு இதை அனுப்புங்க.